பதினாறாம் நாளும் முப்பதாம் நாளும்

முன்சீப் கோர்ட்டில் என் தடம் வழக்கு தோற்றது. கிணத்துக்கடவுக்கு மேற்கே இருக்கும் என் தென்னந்தோப்புக்கு வண்டி போக ஒரே வழி, பெரியப்பாவின் சோளக்காட்டு ஓரமாகப் போகும் தடம். தாத்தா காலத்தில் எல்லாம் ஒரே பூமி. பாகம் பிரித்தபோது தடத்தை வாயால் சொன்னார்கள், பத்திரத்தில் எழுதவில்லை. பூமி தன் பேருக்கு வந்ததும் பெரியப்பா மகன் தடத்தை மறித்துக் கம்பி கட்டினான். நான் வழக்குப் போட்டேன். எழுத்து எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை. நடந்து போக வரப்பு இருக்கிறது என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். வரப்பில் லாரி போகாது என்பது எழுதியவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்த அன்றே வக்கீல் தெளிவாகச் சொன்னார். முப்பது நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். அதற்குத் தீர்ப்பு நகல் வேண்டும், உடனே வந்து நகல் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் நாள் வரை கணக்கில் கழித்துவிடுவார்கள். நான் பாதிதான் காதில் வாங்கினேன். நகல் கைக்கு வந்த பிறகுதான் முப்பது நாள் ஓடத் தொடங்கும் என்று மண்டையில் ஏறிவிட்டது. மனுவே போடாதவனுக்கு எதைக் கழிப்பார்கள்? அது உறைக்கவில்லை. அந்த வாரம் தேங்காய் வெட்டு, தலைச்சுமையாக வரப்பு வழியே ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்த வாரம் கிணற்று மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோனது. பதினெட்டு நாள் போய்விட்டது.

பத்தொன்பதாம் நாள் பெரியப்பா செத்துப்போனார்.

வழக்கு நடந்த நான்கு வருஷமும் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. சாவு வேறு விஷயம். பங்காளி வீட்டுச் சாவுக்குப் போகாதவனை எங்கள் ஊரில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள். போனேன். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தேன். இளையவன் என்பதால் மொட்டை போட்டேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பெரியப்பா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, காரியம் முடியட்டும். தடத்தப் பத்தி நாம ரண்டு பேருமே உக்காந்து பேசிக்கலாம்."

அழுதுகொண்டேதான் சொன்னான். நானும் அழுதேன். இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பங்காளி என்பதால் பதினாறு நாள் எனக்கும் தீட்டு. அதற்குள் கோயிலுக்குப் போக மாட்டோம், புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். அப்பனைப் பறிகொடுத்தவன் மேல் அப்பீல் போட எனக்குக் கையும் வரவில்லை. என் மனைவி நாள் கணக்கை இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். தீட்டோடு எவனாவது கோர்ட்டுப் படி ஏறுவானா என்று அவள் வாயை அடைத்தேன்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் அவனிடம் ஆள் அனுப்பினேன். அதுதான் தீர்ப்பு வந்துவிட்டதே, பேச என்ன இருக்கிறது என்று பதில் வந்தது. வக்கீலிடம் ஓடினேன். முப்பது நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"ஏனுங்க, நான் இங்க ஃபைலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க பழனிக்குப் போய்ட்டு வாறீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். இனிமேல் அப்பீலோடு தாமதத்தை மன்னிக்கச் சொல்லியும் மனுப் போட வேண்டும், காரணம் காட்ட வேண்டும் என்றார். மஞ்சள் காமாலை என்று எழுதலாம், கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் காமாலை வந்திருக்கிறது என்றார். நான் மறுத்தேன். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஊரே பார்த்த உண்மை இருக்கும்போது பொய் எதற்கு என்று நினைத்தேன், அவ்வளவுதான். நகல் வாங்கி அப்பீல் போட்டபோது நாற்பத்தோரு நாள் தாமதமாகியிருந்தது.

பெரியப்பா மகனிடமிருந்து எதிர்மனு வந்தது. வழக்கு தொடங்கிய நாள் முதல் இரு குடும்பங்களுக்கும் போக்குவரத்து இல்லை, தன் தகப்பனார் இறப்புக்கு மனுதாரர் வரவில்லை, எந்தச் சடங்கிலும் கலந்துகொள்ளவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தான். வக்கீலை மறுபடியும் படிக்கச் சொன்னேன். அதே வரிதான். அவன் அப்பனைச் சுமந்த தோள் என்னுடையது.

பாடைக்கு மறுபக்கம் தோள் கொடுத்தவர் இன்னொரு பங்காளி. அவரிடம் சாட்சி கேட்டுப் போனேன். கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"நீங்க வந்தீங்க, தோள் குடுத்தீங்க. நான் இல்லைங்கல. கோர்ட்டுக்கு வந்து சொல்லுன்னா மட்டும் என்னால ஆகாதுங்க. அவுங்க கெணத்துத் தண்ணிலதான் எங்காட்டுச் சோளம் வெளையுது."

சாவன்று போட்டோ எடுத்தவர்கள் எல்லோரும் அதற்குள் போனை மாற்றிவிட்டார்களாம்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்திக் குடைந்தார். மொட்டை கோயில் வேண்டுதல் என்றார். பிறகு, சாவுக்கு முந்தின பதினெட்டு நாளும் உங்கள் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். தேங்காய் வெட்டினோம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மனு தள்ளுபடி. சொன்ன காரணம் நிரூபிக்கப்படவில்லை, உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் நகல் மனுப் போடத் தீட்டு தடையில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் ஒரு கையெழுத்து. அதைப் போட்டுவிட்டுப் போய்ப் பாடை தூக்கியிருக்கலாம்.

ஹைகோர்ட்டுக்குப் போகலாம், தொண்ணூறு நாள் இருக்கிறது என்றார் வக்கீல். இந்தத் தடவை அன்றைக்கே நகல் மனுப் போட்டேன். நகலும் வந்தது, பீரோவில் கிடக்கிறது. அங்கேயும் இதே கேள்விதான் வரும், நீ போனதற்கு யார் சாட்சி என்று. நாளிருக்கிறது, வக்கீலிடம் ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

போன வாரம் அவன் டிராக்டர் விட்டுத் தடத்தை உழுதான். நான் வரப்பில் நின்று பார்த்தேன். என் கெடு முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். இன்று காலை சோளம் விதைத்துவிட்டான்.