இரண்டு உள்ளன

சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில் உள்ளே போன தூசி அப்பாவின் நுரையீரலைத் தின்றுவிட்டது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டில், அவர் கட்டிலருகே எப்போதும் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிற்கும். எந்தக் கடையில் சிலிண்டர் இருக்கிறது என்று காட்டும் செயலி ஒன்று அம்மாவின் போனில் இருந்தது. அதைத் தயாரித்தது பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடிக்கொண்டிருந்த சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது. அம்மா காலையில் திறந்து வைத்த திரையில், ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு நேராக 'இரண்டு உள்ளன' என்று பச்சை எழுத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு, பழைய காலி சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அம்மாவும் நானும் ஓடினோம்.

"காலையிலயே பூட்சிம்மா" என்றார் கடைக்காரர். "இல்லன்னு அப்பவே போன்ல போட்டுட்டேனே. நீங்க இன்னாத்த பாத்துகினு வந்தீங்க?"

அம்மா போனை நீட்டினாள். இரண்டு உள்ளன.

அவர்மேல் தவறில்லை. எங்கள் செயலி திறக்கும்போது ஒரே ஒருமுறை டேட்டாபேஸைக் கேட்கும். வந்த பதிலைத் திரையில் ஒட்டிவிட்டு அதோடு மறந்துவிடும். கேள்வியை மூடாமல் வைத்திருந்தால், கடைக்காரர் மாற்றிய உடனே புதிய பதில் தானாக வந்து திரையும் மாறும். லைவ் கொயரி என்பது அதுதான். அதை வைக்கச் சொல்லி மாதக்கணக்காகக் கரடியாய்க் கத்தியிருந்தேன். "சர்வருக்குச் சுமை. வேணும்னா மூடித் திறந்து பாத்துக்கட்டும்" என்பார் டீம் லீட். அன்றைய அவசரத்தில் அப்படி மூடித் திறக்க எனக்கே தோன்றவில்லை.

கடை வாசலிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். நாங்கள் திரும்புவதற்குள் அவர் சர்ச்சுக்காரர்களிடமெல்லாம் கேட்டு, பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டிலிருந்து சிலிண்டர் வரவழைத்திருந்தார். அப்பாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மெல்ல மெல்லத்தான் நிறம் திரும்பியது.

மறுநாள் பங்காருபேட்டையில் ரயில் பிடித்து வேலைக்குப் போனேன். மீட்டிங்கில் மேஜைமேல் இரண்டு போன்களை வைத்தேன். ஒன்றில் கடைக்காரராக நுழைந்து, சோதனைக் கடையின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினேன். மற்றதில் 'இரண்டு உள்ளன' அசையவில்லை.

"மாறுதா பாருங்க" என்றேன்.

"அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்" என்றார் லீட்.

"எங்கப்பா மூச்சுக்குத் திணறிகினு கெடந்தார் சார். அடுத்த ரிலீஸ் வரைக்கும் மூச்ச புடிச்சிக்கச் சொல்லட்டுமா?" ஆபீஸுக்கென்று வைத்திருந்த தமிழ் என்னைவிட்டுப் போயிருந்தது. குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். வெளியே தலைகள் திரும்பின.

"சரி, செஞ்சிடு" என்றார் லீட். அன்றே ஆரம்பித்தேன். அந்த வாரமே புதிய செயலி வெளியானது. அடுத்த சிலிண்டருக்கு அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'ஒன்று உள்ளது' என்பது 'இல்லை' என்று மாறியது. ஆட்டோவைக் கூப்பிடாமல் பங்காருபேட்டைக் கடைக்குப் போன் செய்தாள். அங்கே கிடைத்தது.

குழுவின் சாதனை என்று லீட் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். நான் பதில் போடவில்லை. ஒரு வாரம்கூடப் பிடிக்காத வேலை அது. அதற்கு முன்னால் எத்தனை பேர் அந்தப் பச்சை எழுத்தை நம்பி, காலி சிலிண்டரோடு எந்தெந்தக் கடை வாசலில் நின்றார்களோ!