அத்தையின் பிடிமண்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் களமருதூர் அத்தைக்கு நிலக்கரிச் சுரங்கத்து ரயிலில் ஏற வேண்டுமாம். கள்ளக்குறிச்சியில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நான் துணைக்கு மாட்டினேன். பஸ் மேலே போக வழியில்லாமல் நின்ற இடங்களில் எல்லாம் இறங்கி நடந்தோம். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

அத்தைக்குக் காரணம் இருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊரைப் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிவிட்டார்கள். காலி செய்து களமருதூருக்கு வந்த அவசரத்தில், குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவர எல்லாரும் மறந்துபோனார்கள். அந்த மண் இருந்தால்தான் புது ஊரில் சாமியை வைக்க முடியும். சாமிக்குப் பொங்கல் வைக்காமல் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட மாட்டேன் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

சுரங்கத்தில் முதன்முதலில் ஓடிய நீராவி எஞ்சினைக் கொட்டகையில் வைத்துப் பாதுகாத்தார்கள். ஆயுத பூஜையன்று மட்டும் நெருப்பு மூட்டி, சனங்களை ஏற்றிப் பழைய பள்ளத்தைச் சுற்றிக் காட்டுவார்கள்; மற்ற நாளில் வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். சந்தனப்பொட்டும் வாழைக்கன்றுமாக அது புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றதைப் பார்த்ததும் என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சக்கரம் உருண்டது. அந்த அதிர்வு என் பல் வரைக்கும் ஏறியது.

பள்ளத்தின் ஓரம் வண்டி நின்றது. அப்படியொரு ஆழத்தை நான் பார்த்ததே இல்லை. அடியில் நின்ற லாரிகள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன.

"மண்ணே இல்லியேடா. எங்க சாமி இருந்த எடத்துல வெறும் காத்துதான்டா இருக்குது," என்று அத்தை அழுதாள்.

எஞ்சின் டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

நான் சொன்னேன். அவர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

"மேல்மண்ணு எங்கியும் போவலம்மா. இதே வண்டிதான் இழுத்துக்கினு போயி அங்க கொட்டுச்சு."

திரும்பினால், மரம் முளைத்த ஒரு மலை. கல்வராயன் மலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மனிதர்கள் கொட்டிக் கொட்டி ஒரு மலை எழும்பும் என்று நினைத்ததில்லை. எத்தனை ஊர்கள் அதற்குள் கிடந்தனவோ! உடம்பு சிலிர்த்துவிட்டது.

திரும்பும் வழியில், மலையடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். அத்தை ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தாள். அது அவள் ஊர் மண்தானா என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாமிக்கென்று கொண்டுவந்த கற்பூரம் அவளிடம் அப்படியே இருந்தது. நேராகப் போய் எஞ்சினுக்கு முன்னால் ஏற்றினாள்.

"எங்க சாமியச் சொமந்துக்கினு வந்த வண்டிடா. நீயும் கும்புடு."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.