ஜலீல் பாய் சொல்லித் தராத பாதி

செங்கம் ரோட்டில் இளநீர் சீவிக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை தனசேகர் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "பாய் மௌத்தாயிட்டாருங்க."

ஜலீல் பாய் மோட்டார் காயில் கட்டுகிறவர். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோ வைத்திருந்தார். அவருடைய ஆன்டெனாக் கம்பியைத் தென்னையில் ஏறிக் கட்டியவன் நான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இதை எழுதுகிறாள். செத்தவரை நல்லவர் என்றே சொல்வது வழக்கம். பாய்க்கு அந்த வழக்கம் பிடிக்காது.

ரேடியோ கற்க வந்தவர்களை அவர் திட்டாத திட்டில்லை. ஒருமுறை தனசேகர் சாதாரண மீட்டரை ஆன்டெனாவில் வைத்து ஓம்ஸ் பார்த்தார்.

"யோவ், துணி அளக்குற கோல வச்சு ஜுரம் பாக்குறியா? அதுல இம்பீடன்ஸ், அதான் ரேடியோ கரண்டுக்கு இருக்குற தடை, தெரியாதுய்யா. செட்டு, கேபிள், ஆன்டெனா மூணுக்கும் இம்பீடன்ஸ் ஒத்துப் போவணும். மாறிடுச்சுன்னா அனுப்புற பவர்ல ஒரு பங்கு திரும்பி வந்து செட்டையே கொளுத்திடும். திரும்பி வர்றத செட்டுல இந்த ஊசி காட்டும், ஏறிச்சா பேசுற பட்டனை விட்டுடு. பேசாத."

எல்லோரையும் இதைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

ஒரு தீபத்தன்று, கூட்டத்தில் செல்போன் எடுக்காது என்று ரேடியோக்காரர்களை அங்கங்கே உட்கார வைத்திருந்தார்கள். பாய் வேங்கிக்காலில், ஆம்புலன்ஸ் பக்கத்தில். தனசேகர் செங்கம் ரோட்டில். அவருக்கு எதிரிலேயே பாயின் சம்சாரம் நூர்ஜஹான் அம்மா, கிரிவலம் போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் பந்தல்காரர்கள் தனசேகருடைய ஆன்டெனாவை ஒட்டித் தகரம் அடித்துவிட்டார்கள். தகரம் அவ்வளவு கிட்டே வந்தால் இம்பீடன்ஸ் மாறிவிடும். அந்த நேரம் பார்த்து அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

தனசேகர் பட்டனை அமுக்கினார். ஊசி ஏறியது. விட்டுவிட்டார். பக்கத்தில் கடை போட்டிருந்த எங்களைக் கூப்பிட்டுத் தகரத்தைப் பிரிக்க வைத்து, ஊசி இறங்கியதைப் பார்த்த பிறகே பேசினார். ஆம்புலன்ஸ் வந்தபோது அம்மாவுக்கு உயிர் இல்லை.

கபர்ஸ்தானில் அம்மாவை அடக்கம் செய்தபோது பாய் தனசேகரிடம் ஒன்றுதான் கேட்டார்: "செட்டு பத்திரமா இருக்கில்ல?"

அன்றிலிருந்து தினமும் காலையில், ரேடியோவில், எல்லோரும் கேட்க, அதையே கேட்டார். "இருக்குதுங்க பாய்" என்று தனசேகரும் தினமும் பதில் சொன்னார்.

படுக்கையில் விழுந்த பின் பாய் என்னிடம் சொன்னார்: "முனுசாமி, பவர கம்மி பண்ணிட்டுப் பேசியிருந்தா செட்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. திரும்பினது போவ மிச்ச பவர்ல அவன் பேச்சு எனக்கு வந்து சேர்ந்திருக்கும். அத நான் எவனுக்கும் சொல்லித் தரல. செட்டு மேலதான் எனக்கு உசுரு. அவன் நான் சொன்னதத்தான் செஞ்சான்."

"அவர்கிட்ட சொல்லிடட்டுங்களா?"

"சொல்லாத. அவன் அப்படியே கெடக்கட்டும்."

நேற்று அடக்கத்தில், கை நிறைய மண்ணை வைத்துக்கொண்டு தனசேகர் என் காதோரம் கேட்டார்: "என்ன மன்னிச்சிட்டாராண்ணா?"

பாயின் உடம்பு குழிக்குள் இன்னும் மூடாமல் இருந்தது. நான் குனிந்து என் பங்கு மண்ணை அள்ளிப் போட்டேன். அவர் மண்ணைப் போடாமல் வெகுநேரம் நின்றார்.

தனசேகர், அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க உங்கள் மேல் தப்பே இல்லை என்று தெரிந்தும் மன்னிக்கவில்லை.

பாய், சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.