இருபத்து மூன்றாவது வரி

அந்தச் சபையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ரிஜிஸ்டர் அக்கா, அவ்வளவுதான். பாஸ்டர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருவராக மாறிப் போவார்கள். அக்கா மட்டும் இருபத்து நாலு வருஷமாக ஆலயத்தின் பின்னறையில், அதே மேசை, அதே ஆட்டம் கண்ட நாற்காலி. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று புத்தகங்கள் அவள் பொறுப்பு. மூன்றாவது புத்தகத்தால் அவளுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். யாராவது காய்ச்சலில் கிடக்கும்போது பார்க்கப் போனால், "ஐயோ, இவங்க எதுக்கு இப்போ வர்றாங்க?" என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "பயப்படாதீங்க, பேனா கொண்டு வரல" என்று சொல்லிவிட்டு உட்காருவாள்.

இந்த வேலைக்கு அவள் ஏன் வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. முத்து முத்தான கையெழுத்து என்று கமிட்டி கூப்பிட்டது, வந்தாள் என்றுதான் ஊர் நினைத்தது. விஷயம் வேறு. முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தது அதற்கடுத்த ஞாயிறு. அப்போது சபை எழுத்தராக இருந்த மனிதர், புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, "ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைய எழுத விதியில்லைம்மா" என்று சொல்லிவிட்டார். கல்லறைக்குள்ளும் இடமில்லை. மதிலுக்கு வெளியே புதைத்தார்கள்.

அன்றைக்கு வாயை மூடியவள்தான். அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஓய்வு பெற்று அலமாரிச் சாவியை நீட்டியபோதும் வாங்கிக்கொண்டாளே தவிர, சரி என்றுகூடச் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்து அவர் இறந்தார். அவருடைய அடக்க வரியை அவளே எழுதினாள். ஓர் எழுத்தும் நடுங்கவில்லை. அவ்வளவு வைராக்கியம்! என்றைக்காவது ஒருநாள் தன் பிள்ளைக்கும் இந்தப் புத்தகத்தில் ஒரு வரி விழ வேண்டும். அந்த ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாற்காலியை விடாமல் இருந்தாள்.

சபைக்கு நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு வந்தது. பழைய புத்தகங்களைப் பூச்சி அரித்துவிட்டது, எல்லாவற்றையும் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத வேண்டும். வாசிக்க வந்தவர் ஓய்வு பெற்ற வெண்கலம் டீச்சர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை, அதனால் அந்தப் பட்டப்பெயர். டீச்சர் பழைய புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசிப்பார். அக்கா தலை நிமிராமல் எழுதி முடித்து, பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உடனே அடுத்த வரி வரும். எழுதியதை அடிக்கவோ சுரண்டவோ கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்டர் 'மூலத்தின்படி சரி' என்று கையெழுத்துப் போடுவார்.

அடக்கப் புத்தகத்தில் பிள்ளை போன வருஷத்துப் பக்கம் ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. வெளியே மழை இருட்டு. ஒரு வரி சேர்த்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? டீச்சர் வாசிப்பதோடு சரி, எழுதியதை எட்டிப் பார்ப்பதில்லை, பாஸ்டர் சின்னப் பையன் மாதிரி, நம்பிக் கையெழுத்துப் போடுவார். ஆனால் கை வரவில்லை. பொய் எழுதின கையால் நாளைக்கு இன்னொருத்தி பிள்ளையை எப்படி எழுதுவது? போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ம்ம், அடுத்து. ஆண் குழந்தை. வயது ஒன்பது நாள். தகப்பன் பஸ் மெக்கானிக். பெயர்..."

குரல் அங்கே நின்றது. கை தானாக எழுதிக்கொண்டு போயிருந்தது. பெயருக்கு இடம் விட்டு, தட்டினாள். பதில் இல்லை. மறுபடியும் தட்டினாள். நிமிர்ந்தால் எதிர் நாற்காலி காலி! பழைய புத்தகம் விரித்தபடி கிடந்தது.

டீச்சர் வாசல் பக்கமிருந்து கைபேசியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மருமக கூப்பிட்டா. சொல்லிட்டுத்தானே போனேன், காதுல விழலையா?"

"எப்போ போனீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும். ஏன் உன் முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

அக்கா எழுதியதைக் காட்டினாள். பழைய புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. "'ம்ம், அடுத்து'ன்னு வாசிச்சீங்களே டீச்சர்?"

"நான் எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?" என்று ஆரம்பித்த டீச்சர் பாதியிலேயே தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். வருஷக் கடைசி ஆராதனையில் இறந்தவர் பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ம்ம், அடுத்து' என்று செருமியவர் செத்துப்போன அந்தப் பழைய எழுத்தர் என்று பழைய சபையார் எல்லாருக்கும் தெரியும். டீச்சர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வரேன்மா. வெளிச்சம் இருக்கும்போது வரேன்" என்று சொல்லி, குடையைக்கூட விரிக்காமல் மழையில் நடந்தார்.

அக்காவும் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாஸ்டரை அழைத்து வந்து, "மூலத்துல இல்லாத வரிய எழுதிட்டேன், பாஸ்டர். வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பாஸ்டர் எதிர் நாற்காலியில் உட்காரப் போனார், என்ன நினைத்தாரோ, நின்றுகொண்டே பழைய பக்கத்தில் விரலை வைத்து எண்ணினார். இருபத்திரண்டு வரி. கடைசியில் பழைய எழுத்தரின் கையால், 'இவ்வருடம் அடக்கம் செய்யப்பட்டோர் இருபத்து மூவர்' என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து, அந்தக் காலப் பாஸ்டர் கையெழுத்து. மறுபடியும் எண்ணினார்.

"அக்கா, அவர் கூட்டல்ல தப்பு விடுவாரா?"

"அந்த மனுஷனா? முப்பது வருஷத்துல ஒரு புள்ளி தப்பினதில்ல."

அப்போது, தினமும் வருகிறபடி, பழைய பஸ் மெக்கானிக்கான அவள் கணவர் குடையோடு கூட்டிப்போக வந்தார். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். பாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

"அன்னைக்கு அவர் வந்தாரு" என்றார். "மதிலுக்கு வெளிய நான் ஒத்தையா குழி வெட்டிட்டிருந்தேன். குடை பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. அடக்க ஜெபம் பூராவும் மனப்பாடமா சொன்னாரு. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. பிள்ளை பேர் என்னன்னு கேட்டாரு. எனக்கு வாய்ல வரல. கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டுப் போயிட்டாரு."

"முப்பத்தேழு வருஷமா? எங்கிட்டகூடவா மறைச்சீங்க?"

"அவர் பேச்சை எடுத்தாலே எரிஞ்சு விழுவ. எப்படிச் சொல்ல?"

அக்காவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுத முடியாத பிள்ளையை எண்ணிக்கையில் ஏற்றிவைத்துவிட்டு, அவள் பேசாத முகத்தைப் பார்த்துக்கொண்டே பதின்மூன்று வருஷம் அந்த மனிதர் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவள் அவரை எப்படியெல்லாம் சபித்திருக்கிறாள்!

"கணக்குல ஏத்தி, அந்தக் காலப் பாஸ்டரும் கையெழுத்துப் போட்டாச்சு. இனி இது விட்டுப்போன வரிதான். குழிகிட்ட நின்னவர் சாட்சி சொன்னா சேர்க்கலாம். அது விதியிலேயே இருக்கு" என்றார் பாஸ்டர். "ஓரத்துல சிவப்பு மையில 'விடுபட்டது'ன்னு எழுதுங்க. அண்ணன் கையெழுத்துப் போடட்டும். பேர் சொல்லுங்கக்கா."

அவளும் கணவரும் மட்டுமே அறிந்த பெயர். கடைசியாக அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒன்பது நாட்களில்தான். சொன்னாள். விட்டிருந்த இடத்தில் எழுதினாள். மை உலரும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழக்க தோஷம், பேனாவால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ம்ம், அடுத்து."

கையெழுத்துப் போடக் குனிந்த கணவரின் கை அப்படியே நின்றது. பாஸ்டர் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, ஓரடி பின்னால் போனார்.

அக்கா மட்டும் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்து, "ஆச்சுங்கய்யா, எழுதிட்டேன்" என்றாள்.