ஒட்டாத கவர்

இதை அக்காவும் அவள் கணவரும் படித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன்.

வில்லியனூரில் நாங்கள் போகும் பரிசோதனை லேபில் ஒரு வழக்கம். மாலையில் ரிப்போர்ட் கவர்களை ஊர்வாரியாகக் கட்டி, "கரியமாணிக்கம் போறவங்க யாருப்பா?" என்று கேட்பார்கள். கை தூக்கியவரிடம் கட்டு போகும். கவரை ஒட்டுவதில்லை. மேலே ஆள் பெயர், சோதனையின் பெயர் இரண்டும் இருக்கும். ஒருமுறை ஒதியம்பட்டுக் கட்டை நானே வாங்கிப்போய் வீடு வீடாகக் கொடுத்தேன். அன்று எனக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

குழந்தை இல்லையென்று மூன்று வருடம் பேச்சு வாங்கியவள் அக்கா. கடைசியில் அவள் கணவர், என் மாமா, விந்தணுச் சோதனைக்குப் போனார். சனிக்கிழமை தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வியாழனே அவர் ஊர்க் கட்டோடு கவர் போய்விட்டது. வெள்ளியன்று டீக்கடையில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சோதனை விஷயம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அவள்தான் சொல்லிவிட்டாள் என்று அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

மென்பொருளில் ஓட்டை தேடுவது என் வேலை. லேபுக்குப் போகும் வழியில், கவரை ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கான காரணங்களைப் பட்டியலிட்டேன்: ஆள் போதாது, விவரம் தெரியாது, செலவாகும். உரிமையாளரின் மேசைமேல் பசை டப்பா இருந்தது. மூன்று காரணங்களையும் அடித்துவிட்டேன்.

"இன்னாம்மா, வூடு தேடி ரிப்போர்ட் வந்தா சண்டைக்கு வர்ற? கவரை ஏன் ஒட்டலன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல."

"கேட்டா இன்னா டெஸ்டுன்னு பெஞ்சுல இருக்கிறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுடும். எப்படிண்ணா கேப்பாங்க? அந்தக் கவரை யாருகிட்ட கொடுத்தீங்கன்னு எழுதிக் கொடுங்க. எங்க மாமாகிட்ட காட்டணும்."

"எழுதியெல்லாம் தர மாட்டேன். லேப் பேரு கெட்டுப்பூடும்."

என் பட்டியலில் இல்லாத காரணம் அதுதான். கெடுவது எங்கள் பெயராக இருக்கும்வரை அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மாமாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கர் போடாமல் உரிமையாளர் கையில் கொடுத்தேன்.

"உங்க ஊர் ஆளுகிட்டதாம்பா கொடுத்தோம். பிரிச்சுப் பாப்பாருன்னு நான் இன்னா கனவா கண்டேன்?" என்று அவர் கத்தினார்.

மறுநாள் காலை மாமா அக்காவை அழைக்க வந்தார். அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒரு நாள் சிரிச்சதுக்கு என்னைக் கொண்டாந்து தள்ளிட்ட. மூணு வருஷமா என்னை மலடின்னாங்களே, அப்ப எங்கய்யா போச்சு உன் ரோசம்?"

மாமா செருப்பைக் கழற்றாமல் நின்றார். அன்று அவள் கிளம்பவில்லை.