முக்கால் எட்டு

“ஏட்டி, நீ எல்லாத்தையும் வாசிச்சு வாசிச்சுப் பழகினவ. வண்டியில என்னத்த வாசிப்ப?” என்று அத்தை கேட்டபோது சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராஜபாளையத்தில் வேதியியல் பட்டமும் வாங்கியவள். எனக்கு ஸ்கூட்டர் ஒரு விஷயமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் மண் எடுத்து வர வேண்டும். ஆவணிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

எனக்குத் தெரிந்த வழியில் படித்தேன். சாவி, ஸ்டாண்டு, பிரேக், ஆக்சிலேட்டர் என்று வரிசையாக நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். விடியுமுன், யாரும் பார்க்காத தென்னந்தோப்புப் பாதையில் வண்டியை எடுத்தேன். பயத்தில் கைப்பிடியை இறுக்கினால் ஆக்சிலேட்டரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும் என்பது நோட்டில் இல்லை. வண்டி சீறிப்போய் மட்டைக் குவியலில் ஏறியது. மறுநாளும் அதே குவியல். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும், கை கேட்கவில்லை.

பள்ளியில் ஒரு பாடம் வரவில்லையென்றால், வீட்டில் உட்கார்ந்து வரவழைத்த பிறகுதான் வகுப்பில் வாய் திறப்பேன். எனக்கு ஒன்று தெரியாமல் இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

லைசென்ஸ் தேர்வன்று, தரையில் கோடு போட்ட எட்டை வண்டியில் கால் ஊன்றாமல் சுற்ற வேண்டும். முதல் வளைவிலேயே ஊன்றினேன்.

“போதும்மா. ஒரு வாரம் கழிச்சு வாங்க,” என்றார் அதிகாரி.

ஓரமாகப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று அழுதேன்.

எனக்குப் பின் தேர்வுக்குப் போன ஒரு அக்காவும் ஊன்றிவிட்டு வந்தார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர்.

“போன தடவ அரை எட்டு. இன்னைக்கு முக்கா எட்டு!” என்று சிரித்தார். “நீ எம்புட்டு போட்ட?”

“மொத வளைவுலயே போச்சுக்கா.”

“அப்ப நீ இன்னும் பெயிலாகவே ஆரம்பிக்கலயே! ஹெல்மெட்டக் கழத்து, வெந்துருவ.”

அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. ஆவணி முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் கழற்றினேன். எங்கே தடுமாறினேன் என்று அவரிடம் சொன்னேன்.

“வளையும்போது எங்க பாத்த?”

“முன் சக்கரத்த.”

“நானும் அதத்தான் பாக்கேன். வேற எங்கதான் பாக்கணுமோ!”

இருவருக்கும் விடை தெரியவில்லை. அவ்வளவு நேரம் விடை தெரியாமல் இன்னொருவர் பக்கத்தில் நான் நின்றதில்லை.

அங்கிருந்தே மண் பரிசோதனைக் கூடத்து மேலாளருக்குப் போன் செய்தேன். “சார், நான் பெயிலாயிட்டேன்.” அந்த வார்த்தையை அதுவரை என்னைப்பற்றிச் சொன்னதில்லை.

“ஆவணிக்குள்ளன்னுதான பேச்சு? பாப்போம்,” என்று வைத்துவிட்டார்.

அக்கா தன் போனை நீட்டினார். மறுதேர்வுக்குப் பதிய அவருக்குத் தெரியவில்லையாம். அடுத்த வியாழனுக்கு அவர் பெயரைப் பதிந்தேன். பிறகு என் போனை எடுத்து, என் பெயரையும் பதிந்தேன்.