பின்னக் கணக்கும் ஸ்பேனர் பையும்

நான் நான்காம் வகுப்புப் படித்தது தொண்ணூற்று நான்கில். அந்த வருடம் எங்கள் வீட்டில் அடிக்கடி நடந்த சண்டை பின்னக் கணக்கைப் பற்றியது. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு கடினமான வீட்டுப்பாடம் கூடாது என்பது அம்மாவின் கட்சி. அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். "இதென்ன பெரிய கணக்கு? கண்ணை மூடீட்டுப் போடலாம்" என்பார்.

அப்பா பீளமேட்டில் பம்புசெட் செய்யும் பட்டறையில் ஃபிட்டர். நான் எழுவதற்குள் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரமடைப் பக்கத் தோட்டங்களுக்குக் கிணற்று மோட்டார் பழுது பார்க்கப் போய்விடுவார். அதிகம் பேசாதவர். சாப்பிட்டாயா என்று கேட்டபிறகு என்னிடம் அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. மாலை ஆறரைக்கு நான் கணக்கு நோட்டை விரித்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

அரை பெரிதா, பதினாறில் ஏழு பெரிதா என்று ஒருநாள் கணக்கு. ஏழும் பதினாறும் பெரிய எண்கள் என்பதால் நான் அதையே பெரிது என்று எழுதினேன். அப்பா எழுந்துபோய்த் தன் ஸ்பேனர் பையை எடுத்துவந்து தரையில் பரப்பினார். அரை இஞ்ச் நட்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, பதினாறில் ஏழு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.

"மாட்டிப் பாரு கண்ணு. நுழையுதா?"

"இல்லீங்ப்பா."

"அப்ப எது பெருசு?"

அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம் ஸ்பேனர்களோடு கழிந்தது. சிறியதிலிருந்து பெரியதாக அவற்றை வரிசைப்படுத்துவேன். அவர் ஒன்றை ஒளித்துவைத்து எது காணோம் என்று கேட்பார். பட்டறைக் கதைகளும் அப்போதுதான் வரும். என் விடைகள் எல்லாம் சரியாயின. ஒரே ஒரு குறை: முக்கால் பங்கு மாம்பழத்துக்கும் நான் முக்கால் இஞ்ச் என்று எழுதியிருந்தேன். டீச்சர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அரைப்பரீட்சைக்கு முன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். கணக்கு வீட்டுப்பாடம் கடினம் என்று பல வீடுகளிலிருந்து புகார் போயிருந்தது. கடினம் என்று பெரும்பாலோர் சொன்னால் பாதியாகக் குறைத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். பாதி வீட்டுப்பாடம் என்றால் தெருவில் விளையாடக் கூடுதல் நேரம். அதனால் அப்பா மட்டும் சுலபம் என்று சொல்லிவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் முறை வந்தது. எழுந்து கைகட்டி நின்றார்.

"கஷ்டந்தானுங்க, டீச்சர்."

எனக்கு நம்பவே முடியவில்லை. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப குறைச்சிரலாங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"வேண்டாமுங்க. கஷ்டமாவே இருக்கட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து பெஞ்சுக்காரி திரும்பி என்னை முறைத்தாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா விடவில்லை. "ஏனுங்க, ஊட்டுல கண்ணை மூடீட்டுப் போடுவீங்க, அங்க போயி கஷ்டங்கறீங்க?" அப்பா நடையை எட்டிப்போட்டார். அவர் எதற்காகப் பொய் சொன்னார் என்று எனக்கும் விளங்கவில்லை. நான் அவருடன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கணக்கு வந்ததும் பேசினேன்.

வீட்டுப்பாடம் குறையவில்லை. ஐந்தாம் வகுப்பில்தான் கீழ் எண்களைச் சமமாக்கும் வழியை டீச்சர் கற்றுக்கொடுத்தார். அதன்பின் ஸ்பேனர் தேவைப்படவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் போட்டு முடித்தேன். அன்று அப்பா வழக்கம்போல் ஆறரைக்குக் கைகழுவிவந்து, பையைத் தரையில் பரப்பிவைத்துக் காத்திருந்தார். முடித்த நோட்டை அவர் கையில் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஒண்ணாச்சும் கஷ்டமா இல்லியா கண்ணு?"

அந்தக் கேள்விக்குக் கஷ்டந்தான் என்று சொல்ல இன்று எனக்கு எத்தனையோ கணக்குகள் இருக்கின்றன. கேட்பதற்கு அவர் இல்லை.

"இல்லீங்ப்பா. எல்லாமே ஈசிங்க" என்றேன், பெருமையாக.

கெட்டிக்காரி என்றார். பிறகு ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, சிறியதிலிருந்து பெரியதாகப் பைக்குள் வைத்தார். அவர் வரிசையில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதை மட்டும் சரிபார்த்துவிட்டு நான் விளையாட ஓடினேன்.